ரோசி குடித்த உப்பு

“…கையை உட்டுக் கலக்கினேனா, சில்லுன்னு ஆயிடுச்சுண்ணா! பிரிட்ஜுல இருந்து எடுத்த மாதிரி. இந்த வெயிலுக்கு ரோசிக்கு நல்லா இருக்கும்னு நெனச்சேன். ஆனா பாதிதான் குடிச்சா. மீதிய மூக்கால தள்ளி உட்டுட்டா. ராங்கிக்காரி.”

சொல்லிக்கொண்டே நிர்மலா என் கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தாள். நான் ஒரு வாய் குடித்தேன். இரண்டாவது வாய்க்குத் தூக்கிய சொம்பை அப்படியே நிறுத்தினேன்.

வெதுருகுப்பம் பக்கம், ரோட்டை ஒட்டிய வீடு அது. எஸ்தரம்மாவின் வீடு. கால்நடை ஆஸ்பத்திரிக்கு அந்த வழியாக வண்டியில் போகும்போதெல்லாம் நின்று தண்ணீர் குடிப்பது என் வழக்கம். நிர்மலா அவருடைய மருமகள். திருப்பதியில் பிறந்து வளர்ந்த பெண். கல்யாணமாகி மூன்று மாதம். புருஷனுக்குக் குப்பம் டவுனில் கிரானைட் கம்பெனியில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை வருவான். எஸ்தரம்மா அன்றைக்குச் சபைப் பெண்கள் கூட்டத்துக்காகக் காலையிலேயே சித்தூர் போயிருந்தார். வீட்டில் இருந்தது நிர்மலாவும் ரோசியும் மட்டும்தான்.

ரோசி அந்த வீட்டு மாடு. கலப்பின ஜெர்சி, தேன் நிறம், நெற்றியில் வெள்ளை. எஸ்தரம்மா அவளை ‘அது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

“சில்லுன்னா எவ்ளோ சில்லும்மா?” என்றேன்.

“பானைத் தண்ணி சில்லு இல்லண்ணா. ஐஸ் சில்லு.”

“தண்ணியில என்னாத்தப் போட்டே?”

“உப்புதான். அத்தை போவும்போதே சொன்னாங்க. தவிட்டுத் தண்ணியில கொஞ்சம் உப்பு போட்டு வையின்னு. கொட்டாய் மூலையில கோணியில இருக்குதுன்னாங்க.”

“கல்லு கல்லா இருந்துச்சா?”

“இல்லண்ணா. ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையா. லேசா வேப்பெண்ண வாசனை கூட அடிச்சுது. மாட்டு உப்பு போல இருக்குது, பூச்சி வராம இருக்க வேப்பெண்ண போட்டு விக்கறாங்கன்னு நெனச்சிக்கினேன். நாலு கை போட்டேன்.”

சொம்பைக் கீழே வைத்துவிட்டு மாட்டுக் கொட்டாய்க்கு ஓடினேன்.

இரண்டு கோணிகள்

மூலையில் இரண்டு கோணிகள் இருந்தன. ஒன்றின் வாய் சணலால் கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் கல்லுப்பு. இன்னொன்று திறந்தே கிடந்தது. வேப்பெண்ணெய் பூசி விற்கிற யூரியா.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்க வேண்டுமானால் எங்கள் பக்கத்துப் பேச்சு தெரிந்திருக்க வேண்டும். நெல்லுக்கு, கரும்புக்குப் போடுகிற உரத்தையும் எங்கள் பக்கம் உப்பு என்றே சொல்வார்கள். “உப்பு போட்டாச்சா?” என்று ஒரு விவசாயி இன்னொரு விவசாயியைக் கேட்டால் அவர் சாம்பாரைப் பற்றிக் கேட்கவில்லை. “உப்பு வந்துக்குதாம், சீக்கிரம் போ” என்றால் உரக்கடைக்கு லாரி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

தமிழில் குழப்பம், தெலுங்குக்குத் தாவிவிடலாம் என்று பார்த்தால், அங்கேயும் உப்பு உப்புதான். அரை வாக்கியம் தமிழிலும் அரை வாக்கியம் தெலுங்கிலும் பேசிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. ஒரு மொழி கைவிட்டால் இன்னொன்று கைகொடுக்கும். இந்த ஒரு சொல்லில் இரண்டும் சேர்ந்து கைவிட்டுவிட்டன.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு உப்பு என்றால் டப்பாவில் இருப்பது. அவள் தப்பு என்ன இதில்?

என்னைத் தூக்கிவாரிப் போட வைத்தது அந்தச் சில்லென்ற தண்ணீர்தான். யூரியாவைத் தண்ணீரில் கரைத்தால் அது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். பாத்திரம் குளிர்ந்து போகும். வயலில் கரைத்துத் தெளிக்கிறவர்களைக் கேளுங்கள், “கை மரத்துப் போவுது நைனா” என்பார்கள். கல்லுப்பு அப்படிச் செய்யாது.

ரோசி நின்றுகொண்டிருந்தாள். ஆனால் நிற்பதில் ஒரு கோணல். வாயோரம் நுரை. தோல் அங்கங்கே துடித்தது. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது.

“என்னாண்ணா? என்னா பண்ணிட்டேன் நானு?” நிர்மலா என் பின்னாலேயே வந்து நின்றாள்.

“அது வயலுக்குப் போடற உப்பும்மா.”

அவள் முகம் மாறியதை நான் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. போனை எடுத்தேன்.

டாக்டரம்மா சொன்னது

எங்கள் பக்கத்துக் கால்நடை டாக்டர் ஒரு பெண். குரலை உயர்த்தவே மாட்டார். மாடே அவரிடம் மெதுவாகக் கத்தும் என்று ஊரில் சொல்வார்கள். பக்கத்துக் கிராமத்தில் ஏதோ கன்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நின்னுக்கினு இருக்குதா, படுத்துடுச்சா?”

“நின்னுக்கினுதான் இருக்குது மேடம். நடுங்குது. நுரை.”

“வயிறு?”

“இடது பக்கம் உப்பிக்கினு வருது.”

“குடிச்சி எவ்ளோ நேரம்?”

நிர்மலாவைப் பார்த்தேன். “நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். துணி துவைச்சேன், அவ்ளோ நேரம்” என்றாள்.

“சரி. மிச்சத் தண்ணிய முதல்ல கொட்டுங்க. நான் டியூப் எடுத்துனு வர்றேன். நீங்க யாரும் வாயில எதுவும் ஊத்தாதீங்க. நடுங்கும்போது ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும். நான் வர்றதுக்குள்ள ரெண்டு வேணும். நல்லா குளிர்ந்த தண்ணி, பக்கெட் பக்கெட்டா. அப்புறம் வெனிகர். எவ்ளோ கெடைக்குதோ அவ்ளோ.”

“வெனிகரா மேடம்?”

“வெனிகர்தான். ஏமி காது, பயப்படாதீங்க. ஆனா சீக்கிரம்.”

‘ஏமி காது’ என்றால் ஒன்றும் ஆகாது. அதற்குப் பின்னால் ‘ஆனா சீக்கிரம்’ என்று வந்ததே, அதைக் கேட்டதும் வண்டிச் சாவியைத் தேடினேன்.

நிர்மலா என் வண்டியையே பார்த்தாள். “அண்ணா, உங்க கேன்ல இருக்கறதும் சில்லுன்னுதானே இருக்கும்? அதக் கொஞ்சம் ஊத்தினா?”

“அய்யோ தாயே! அது பட்டா வயிறு கல்லாயிடும்.”

அந்த நேரத்திலும் எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஏனென்று சொல்கிறேன்.

காளை இல்லாத காளை வண்டி

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகர், “நைட்ரஜன் வண்டி ஓட்டினேன் என்கிறீர்களே, அது என்ன வண்டி, வெடிக்காதா?” என்று கேட்டிருந்தார். அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம்.

மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறார்கள் அல்லவா, அதற்கான காளை விந்தைச் சின்னச் சின்னக் குச்சிகளில் அடைத்து, திரவ நைட்ரஜனுக்குள் முக்கி வைத்திருப்பார்கள். ஐஸ் எல்லாம் அதற்கு முன்னால் வெந்நீர். அவ்வளவு குளிர். அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகையால் ஊர் ஊராகப் போய் நிரப்ப வேண்டும். திருப்பதியில் ஏற்றிக்கொண்டு சித்தூர் ஜில்லா முழுக்கச் சுற்றுவது அப்போது என் வேலை. ஜனங்கள் என் வண்டிக்கு வைத்த பெயர், காளை வண்டி. “ஒரு காளை கூட இல்ல, ஆனா நூறு காளை போவுது” என்று ஒருவர் சொன்னதை நான் பல மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒருமுறை அலிபிரி ரோட்டில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். கேன் மூடியோரம் வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது.

“ஏமிட்டி இதி? என்னா இது?”

“காத்து சார்.”

“காத்தா? கேன்லயா?”

“இப்போ நீங்க ஒரு மூச்சு இழுத்தீங்களே சார், அதுல முக்கால்வாசிக்கு மேல இதான். நத்ரஜனி.”

அவர் சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். நான் ரோட்டு வளைவு தாண்டும்வரை அதை விட்டிருப்பார் என்று தோன்றவில்லை.

தெலுங்குப் புத்தகத்தில் நத்ரஜனி. தமிழில் நைட்ரஜன். உரக்கடையில் தழைச்சத்து. மூன்றும் ஒரே ஆள் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ரொம்ப நாளாயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் தங்கியவனில்லை. கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, பழைய பேப்பர் கடையில் ஒன்பதாவது, பத்தாவது சயின்ஸ் புத்தகங்களை வாங்கி, வண்டி நிழலில் உட்கார்ந்து படித்தேன். வாத்தியார் இல்லாமல் படிப்பதில் ஒரு சுகம், தப்பாகப் புரிந்துகொண்டால் யாரும் அடிக்கமாட்டார்கள். ஒரு கஷ்டம், யாரும் திருத்தவும் மாட்டார்கள்.

எட்டுப் பேர் ஏறாத ஆட்டோ

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அலிபிரி போகிற ஷேர் ஆட்டோவில் ஏறியிருக்கிறீர்களா? எட்டுப் பேர் சேராமல் வண்டி நகராது. “ஒக்கரு, ஒக்கரே!” என்று, இன்னும் ஒரே ஒரு ஆளுக்காக டிரைவர் கத்திக்கொண்டே இருப்பார். நைட்ரஜன் அணு அப்படி ஒரு ஆட்டோ. வெளிச்சுற்றில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஐந்து. எட்டு ஆனால்தான் அதற்கு நிம்மதி. மூன்று சீட் காலி.

மூன்று சீட்டை நிரப்ப அது பல வழி பார்க்கும்.

ஒன்று, பறித்துக்கொள்வது. மக்னீசியம் மாதிரி உலோகங்கள் தங்கள் எலக்ட்ரானைக் கையில் பிடித்து வைக்கத் தெரியாதவை. சூடாக்கி நைட்ரஜன் பக்கத்தில் நிறுத்தினால் தூக்கிக் கொடுத்துவிடும். நைட்ரஜன் மூன்றை முழுசாக வாங்கிக்கொள்ளும். ஆனால் இது எப்போதாவது நடக்கிற காரியம்.

இன்னொன்று, பங்கு போட்டுக்கொள்வது. இதுதான் அதற்குப் பிடித்த வழி. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேரும்போது ஆளுக்கு மூன்று எலக்ட்ரானைப் பொதுவில் வைக்கின்றன. பொதுவில் உள்ள ஆறையும் இவனும் தன் கணக்கில் எழுதுகிறான், அவனும் எழுதுகிறான். சொந்தமாகத் தலைக்கு இரண்டு வேறு இருக்கிறது. எட்டு, எட்டு. இரண்டு வண்டியும் சந்தோஷம். இந்த மும்மடிப் பிடி லேசில் விடாது. என் கேனில் இருந்தது அதுதான். யாரோடும் சண்டைக்குப் போகாது, யார் கூப்பிட்டாலும் வராது. ஆகவே வெடிக்காது ஐயா. மூடிய அறையில் ஆவியானால் மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும், அந்த ஜாக்கிரதை போதும்.

மூன்றாவது, அது விரும்பாத வழி, பறிகொடுப்பது. ஆக்சிஜன் என்று ஒரு இழுவைக்காரன் இருக்கிறான். இடி இடிக்கும்போது மின்னல் அந்த மும்மடிப் பிடியையே பிளந்துவிடும். பிளந்ததும் ஆக்சிஜன் வந்து ஒட்டும். ஒட்டிக்கொண்டு, பொதுவில் வைத்ததையெல்லாம் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொள்ளும். கடைசியில் நைட்ரேட் ஆகி மழையோடு மண்ணில் இறங்கும்போது, நைட்ரஜனின் ஐந்து எலக்ட்ரானும் ஆக்சிஜன் கணக்கில் போய்விட்டதாகவே எழுதுகிறார்கள். உண்மையில் முழுசாகப் போகவில்லை, பங்குதான். ஆனால் வேட்டியை ஒருவன் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரத்தை மட்டும் அடுத்தவன் கையில் கொடுத்தால் அது எந்த மாதிரிப் பங்கு?

யூரியாவும் பங்குதான். கார்பனோடும் ஹைட்ரஜனோடும் பங்கு போட்டு அமைதியாக இருக்கிறது நைட்ரஜன். சயின்ஸ் புத்தகத்தின்படி யூரியா உப்பே கிடையாது. எங்கள் ஊர்தான் அதை உப்பாக்கியது.

அந்த அமைதி மாட்டின் வயிற்றுக்குள் போனால் நிலைக்காது. மாட்டின் பெரிய வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கிவிடும். கொஞ்சம் என்றால் மாட்டுக்கே அது சத்து. ஒரேயடியாகப் பொங்கினால், அம்மோனியா வயிற்றுச் சுவர் வழியாக ரத்தத்துக்குள் புகுந்துவிடும். அப்புறம் மாடு நிற்காது.

ரோசி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

சீனுவின் பாட்டில்கள்

வெனிகருக்கு எங்கே போவது? மளிகைக் கடையில் ஒன்றோ இரண்டோ இருக்கும், குட்டி பாட்டில். அப்போது நிர்மலாவே சொன்னாள்.

“நூடுல்ஸ் வண்டி சீனு அண்ணங்கிட்ட இருக்கும்ணா!”

பஸ் நிறுத்தத்தில் சாயங்காலம் நூடுல்ஸ் வண்டி போடுகிறவன் சீனு. பகலில் வீட்டில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருப்பான். “நீ ரோசிகிட்ட நில்லும்மா. பக்கத்து வீடுங்கள்ல பிரிட்ஜு தண்ணி, ஐஸு எல்லாம் கேட்டு வாங்கி வை” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

சீனு கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டான். “வெனிகரா? எந்த்துக்கண்ணா? மாட்டுக்கா? மாட்ட உயிரோட வச்சே மஞ்சூரியன் போடப் போறீங்களா?”

“எஸ்தரம்மா மாடு யூரியா குடிச்சிடுச்சுடா.”

கத்தி கீழே விழுந்தது. உள்ளே போய்ப் பிளாஸ்டிக் கேன் ஒன்று, பாட்டில்கள் சில என்று தூக்கி வந்தான். “இன்னிக்குக் கடைக்கு வச்சிக்கினது, எல்லாத்தையும் எட்த்துக்கோ” என்றவன், தானும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். “ரோசி பால்லதான் எம்பொண்ணுக்கு டீயே.”

திரும்பி வந்தபோது கொட்டாயில் நான் எதிர்பார்க்காத ஒரு காட்சி. நிர்மலா மாட்டின் பக்கத்தில் போகவே பயப்படுகிறவள். தண்ணீர் வைப்பதென்றால் பக்கெட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் காலால் நகர்த்துவாள் என்று எஸ்தரம்மா கேலி செய்வார். அந்தப் பெண் ரோசியின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றாள். புடவையெல்லாம் நுரை.

“படுத்துடாதே ரோசி. அத்தை வர்ற வரைக்குமாச்சும் நில்லு. உன் கால்ல உழறேன், நில்லு. ஒரு பக்கெட் தண்ணி வைக்கத் தெரியலன்னு சொல்லுவாங்க ரோசி, நில்லு.”

ரோசி தள்ளாடினாள். நிர்மலாவும் சேர்ந்து தள்ளாடினாள். சீனு ஓடிப்போய் இன்னொரு பக்கம் தோள் கொடுத்தான்.

அப்போது டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ நாதஸ்வரம் கேட்டிருக்கிறேன். அவ்வளவு இனிமையாக எதுவும் காதில் விழுந்ததில்லை.

மூன்றாவது உப்பு

டாக்டரம்மா வந்ததும் யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. “தலையைப் புடிங்க. மேல தூக்காதீங்க.” ரப்பர் குழாயை வாய் வழியாக மெதுவாக இறக்கினார். வயிற்றிலிருந்து புஸ்ஸென்று காற்று வெளியேறியது. அந்த நாற்றத்தில் அம்மோனியா கண்ணைக் கரித்தது. பிறகு குளிர்ந்த தண்ணீரோடு வெனிகர். புனலைச் சீனு பிடித்தான். நான் ஊற்றினேன். பக்கத்து வீடுகளிலிருந்து வந்த பாட்டில் தண்ணீர், ஒரு சொம்பில் உருகிக்கொண்டிருந்த ஐஸ், எல்லாம் இறங்கியது.

ஊற்றிக்கொண்டே மனசுக்குள் என் ஆட்டோவைப் பார்த்தேன்.

அம்மோனியாவில் நைட்ரஜன் மூன்று ஹைட்ரஜனோடு பங்கு போட்டு எட்டை நிரப்பிவிட்டது. ஆனாலும் பின் சீட்டில் யாருக்கும் பங்கு தராத ஒரு ஜோடி எலக்ட்ரான் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வெனிகர் புளிப்பு. புளிப்பு என்றால், எலக்ட்ரானை விட்டுவிட்டு வெறுங்கையோடு அலைகிற ஹைட்ரஜன் என்று அர்த்தம். வெறுங்கையோடு வருகிறவனை அந்த ஜோடி, “வா, எங்க ரெண்டு பேரையும் உனக்கும் பொதுவுல வச்சிக்கோ” என்று சேர்த்துக்கொள்கிறது. வந்தவன் ஒன்றும் கொண்டுவரவில்லை. பங்கில் முழுவதும் நைட்ரஜன் போட்டதுதான்.

நான்காவது ஹைட்ரஜன் ஏறிவிட்டால் அது அம்மோனியா இல்லை, அம்மோனியம். மின்சுமை ஏறிய ஆள். வயிற்றுச் சுவருக்குள் நைசாக நுழைந்து போக அதனால் முடியாது. வெளியே நின்றுவிடும். குளிர்ந்த தண்ணீர் அந்த நுண்ணுயிர்களின் அவசரத்தையும் குறைக்கும்.

புளிப்பும் அம்மோனியா மாதிரிக் காரமும் சேர்ந்தால் உண்டாவதற்குப் புத்தகத்தில் என்ன பெயர் தெரியுமா? உப்பு. சாப்பாட்டு உப்பு கோணியிலேயே இருந்தது, வயல் உப்பு வயிற்றுக்குள் போனது, அந்த வயிற்றுக்குள்ளேயே மூன்றாவதாக ஒரு உப்பு உண்டாகி அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

“நல்லா இருக்குது. புனலைப் பார்த்து ஊத்துங்க” என்றார்.

ஆட்டோக் கதையை யாரும் பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். எலக்ட்ரான் சீட்டில் உட்காராது என்று மார்க்கைக் குறைப்பார்கள்.

அசை

அப்புறம் ஒரே காத்திருப்பு. டாக்டரம்மா ரோசியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நடுக்கம் கொஞ்சம் நின்றது, மறுபடி வந்தது. மீதி இருந்த வெனிகரை இன்னொரு முறை உள்ளே விட்டார். வயிறு தளர்ந்தது. ரோட்டில் மாங்காய் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஹாரனுக்கும் ரோசி காதை அசைத்தாள். அசைக்கிறாளே என்று எங்களுக்குச் சந்தோஷம்.

சீனுதான் அந்தப் பேச்சை எடுத்தான். “அண்ணா, எஸ்தரம்மா கிட்ட எந்த்துக்குச் சொல்லணும்? மேயும்போது எதையோ துன்னுடுச்சின்னு சொல்லிடலாம். புதுசா வந்த பொண்ணு, பாவம்.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, “என்னைக் கேட்டா நான் உண்மையத்தான் சொல்லுவேன். கேக்காம இருக்கப் பாருங்க” என்றார்.

நிர்மலா ரோசியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்ந்த நேரம். ரோசியின் கழுத்தில், கீழிருந்து மேலாக ஒரு உருண்டை ஏறியது. தாடை பக்கவாட்டில் ஒருமுறை நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. அப்புறம் நிற்கவில்லை.

“அசை போடறா” என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. “போதும். பொழைச்சிட்டா.”

சீனு என்னைக் கட்டிக்கொண்டான். அவன் மேலெல்லாம் வெனிகர் நாற்றம். நான் சிரித்தேனா அழுதேனா, ஞாபகமில்லை. மாட்டுக் கொட்டாயில் ஒரு மாடு மெல்லுகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே அன்று முழுக்க நின்றிருப்பேன்.

சித்தூர் பஸ்

எஸ்தரம்மா பஸ்ஸை விட்டிறங்கி, கையில் பைபிள் பையும் குடையுமாக வந்தார். வாசலில் என் வண்டி, டாக்டர் ஸ்கூட்டர், கொட்டாயெல்லாம் தண்ணீர், நடுவில் நூடுல்ஸ்காரன்.

“என்னா தம்பி, ஊரே இங்க இருக்குது? ரோசிக்கு என்னா?”

சீனு வாயைத் திறந்தான். “அது ஒண்ணுமில்லம்மா, மேயும்போது…”

“நான்தான் அத்தை” என்றாள் நிர்மலா.

சீனு வாயை மூடிக்கொண்டான்.

“உப்பு போடச் சொன்னீங்க. நான் வயலுக்குப் போடற உப்பப் போட்டுட்டேன். ரோசி குடிச்சிட்டா. சாவக் கெடந்தா. இவங்கெல்லாம் வந்துதான் காப்பாத்தினாங்க.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அடி விழப்போகிறவள் மாதிரி நின்றாள்.

எஸ்தரம்மா அவளைப் பார்க்கவில்லை. நேராக ரோசியிடம் போனார். காதைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ரோசி பாட்டுக்கு அசை போட்டாள். பிறகு அவர் மூலைக்குப் போய் இரண்டு கோணிகளையும் பார்த்தார்.

“ரெண்டும் பக்கத்துல பக்கத்துல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “உப்புன்னு சொன்னேனே தவிர எந்த உப்புன்னு சொல்லலியே நானு.” அப்புறம் டாக்டரம்மாவைக் கேட்டார், “இவளுக்கு இனிமே ஒண்ணும் ஆவாதே?”

“ஆவாது. ராத்திரிக்கு லேசா வைக்கோல் மட்டும். காலைல வந்து பாக்கறேன்.”

“தேவனுக்கு ஸ்தோத்திரம்.” எஸ்தரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி சொன்னார், “நிர்மலா, எல்லாருக்கும் டீ போடும்மா. புடவைய மாத்திக்கினு போடு, நுரையா இருக்குது பாரு.”

அவ்வளவுதான். ‘ம்மா’ என்று முடித்தார். அந்த இரண்டு எழுத்தில் எங்கள் எல்லார் தோளும் இறங்கியது.

நிர்மலா உள்ளே போனாள். புடவை மாற்றினாளோ இல்லையோ, உடனே திரும்பி வந்துவிட்டாள். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. நேராக மாமியார் முன் நின்று, மூடியைத் திறந்து நீட்டினாள்.

“இது சர்க்கரைதானே அத்தை? நக்கிப் பாத்துச் சொல்லுங்க.”

எஸ்தரம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே ஒரு விரலை டப்பாவில் தொட்டு நாக்கில் வைத்தார். “சர்க்கரைதான்டி, போ” என்று அவர் சொன்ன பிறகும் நிர்மலா நகரவில்லை. தானும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்பிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.